நேர்ந்த முடி

மேகலாவுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர். ஆறு தலை என்று சொல்ல வேண்டும், இங்கே தலையைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு தலைக்கு ஏழு நிமிடம், அடர்த்தியாக இருந்தால் பத்து. பேத்தி என் தோளில் தூங்கிவிட்டாள், ஐந்து மாதக் குழந்தையின் வாய் என் கழுத்தில் ஈரமாகப் பதிந்திருக்கிறது. மாப்பிள்ளை மேலே தரிசனச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறார். நான் மொட்டை மண்டபத்துத் தூண் ஓரமாக, தண்ணீர் தெறிக்காத ஒரே இடம் என்று மேகலா காட்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முக்கால் மணி நேரத்தில் என் மகள் மொட்டை அடித்துக்கொள்ளப் போகிறாள், முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் அவளுடைய அம்மா அவளுக்காகச் சந்தோஷமாக முடி கொடுத்தாள் என்று நம்பிக்கொண்டு. அது பொய். சொன்னவன் நான். ஆறு தலைக்குள் அதை அவளிடம் சொல்ல வேண்டும். என்ன பெரிய காரியம், எழுந்து போய், கண்ணு, ஒரு நிமிசம் வா என்றால் போதும். ஆனால் எழுந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். விழித்தால் அழும். அழுதால் பால் கொடுக்க வேண்டும், வரிசை போய்விடும். இப்படி ஒரு காரணம் கிடைத்ததும் உடம்பு எவ்வளவு சுகமாகத் தூணில் சாய்கிறது. எனக்கு இது பழக்கம். முப்பத்தைந்து வருடம் நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிற வேலை பார்த்தேன். மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டாவதோடு நின்ற படிப்பை நூலகத்துப் புத்தகங்களில் தொடர்ந்தது அங்கேதான், என் தப்புக்கு நானே நியாயம் கண்டுபிடிக்கப் பழகியதும் அங்கேதான். இப்போது பெண்களுக்குப் பெண்களே முடி எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஆண்கள்தான். முடி எடுக்கிற இந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும், வாய் ஓய்வதில்லை. “பாத்து எடு சாமி, காது பத்திரம்” என்கிறாள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பருத்த அம்மாள். “உங்க காதை வெச்சுட்டு நான் என்னங்க்கா பண்றது? எங்க ஊட்டுக்காரருக்கே ரெண்டு இருக்குது, ஒண்ணும் கேக்கறதில்ல.” வரிசை சிரிக்கிறது. மேகலாவும் சிரிக்கிறாள். சிரிக்கும்போதே அவள் கை தலைக்குப் போய், நெற்றியோரம் தடவி, விரலை விரித்துப் பார்த்து, விரலிடுக்கில் வந்ததைத் துப்பட்டாவில் துடைக்கிறது. சிரிப்பு நிற்கவில்லை. கை மட்டும் தனியாகப் போய் அந்த வேலையை முடித்துவிட்டு வருகிறது. மணிக்கும் அப்படித்தான் போகும். வசந்தாமணி, என் மனைவி. மணி என்றுதான் கூப்பிடுவேன்.

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவார்கள். மேகலா தாய் இல்லாத வீட்டுக்கு வந்தாள். மணி சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. பத்தியச் சமையலை நான் பக்கத்து வீட்டில் கேட்டும் புத்தகத்தில் பார்த்தும் செய்தேன். “அம்மா வெச்ச மாதிரியே இருக்குப்பா” என்று பூண்டுக் குழம்பைச் சாப்பிட்டாள். இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான்காவது மாதம் உதிர ஆரம்பித்தது. முதலில் சீப்பில். பிறகு தலையணையில், குழந்தையின் மூடிய கைக்குள், என் சட்டைப் பொத்தானில், ஒருநாள் இட்லி மாவில். குளியலறையில் தண்ணீர் வடியவில்லை. அவள் பார்ப்பதற்கு முன்னால் ஈர்க்குச்சியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன், எலிக்குஞ்சு அளவுக்கு ஒன்று வந்தது, சோப்பு நுரையோடு, கனமாக. அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பை வண்டி வரும் வரை சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன், திருடியதை ஒளித்து வைப்பதுபோல. மணியின் காலத்தில் அப்படி ஒன்றைக் குப்பையில் போட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இல்லை, மணியைப் பிறகு நினைக்கலாம். மேகலாவின் நெற்றி இரண்டு பக்கமும் மேலேறிவிட்டது. வகிடு அகலமாகிவிட்டது, வெயிலில் நின்றால் மண்டை தெரிகிறது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், “எல்லாத் தாய்க்கும் வர்றதும்மா இது. வயித்துல புள்ள இருந்தப்ப உதிராம நின்னதெல்லாம் சேர்ந்து இப்ப உதிருது. குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள தானா முளைச்சிடும்.” மேகலா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். போன செவ்வாய்க்கிழமை குழந்தை விடாமல் அழுதது. பால் வேண்டாம் என்றது, வயிற்று வலியும் இல்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் காலுறையைக் கழற்றியபோது, கட்டைவிரலில் ஒரே ஒரு முடி சுற்றி இறுகியிருந்தது. விரல் கத்திரிப்பூ நிறத்துக்கு வீங்கியிருந்தது. மேகலாவின் முடி. நகவெட்டியின் முனையால் அவளே எடுத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. எடுத்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா எப்படிப்பா சிரிச்சுட்டே குடுத்தாங்க? இடுப்புக்குக் கீழ இருந்துச்சுன்னு சொல்வீங்களே. வெறுமனே உதிர்றதுக்கே நான் தினமும் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழறேன். என் புள்ளை விரல் போயிருக்கும், அப்பவும் எனக்கு முடிமேல ஆசை. நானெல்லாம் என்னப்பா அம்மா?” அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இந்த மண்டபம் இல்லை, இந்த ஆறு தலை இல்லை. “அப்படியெல்லாம் நெனைக்காதே சாமி” என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “குழந்தைக்கு அஞ்சாம் மாசம், ஒத்தைப்படைதான். ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்திடறோம்ப்பா. அம்மா மாதிரி” என்றாள். அம்மா மாதிரி. நான் எழுந்து போய் அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பருத்த அம்மாள் எழுந்துவிட்டாள், தலையைத் தடவிக்கொண்டு, வேறு யாரோ போல. ஐந்து. ஈர முடியின் வாடையும் சந்தனத்தின் வாடையும் சேர்ந்தால் வருகிற இந்த வாடை மாறவே இல்லை. மேகலா பிறக்க மணிக்கு இரண்டு நாள் வலி. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அம்மா ஒரு மஞ்சள் துணியையும் காசையும் கையில் கொடுத்து, “ஏதாச்சும் நேந்து முடிஞ்சு வெய்டா” என்றாள். எதை நேர்வது? என் முடியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்போதே எனக்கு முன்னந்தலை ஏறிவிட்டது, அதைக் கொடுப்பது சாமிக்கே அவமானம் என்று பட்டது. கொடுப்பது பெரிதாக இருக்க வேண்டும். வீட்டில் பெரிதாக என்ன இருந்தது? மணியின் முடி இருந்தது. தாயும் புள்ளையும் பொழைச்சா மணியோட முடியை எறக்கிடறேன் சாமி. உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள், வெளியே நான் அவள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொருள் அவளுடையது, பக்தி என்னுடையது. மூன்றாம் நாள் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துவிட்டு, “என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்களே” என்றாள். “கேக்கற நெலமையிலயா நீ இருந்தே?” என்றேன். அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் ஒரு கணம் நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. அவளுக்கும் நான்காம் மாதம் உதிர ஆரம்பித்தது. எல்லாப் பெண்ணுக்கும் உதிர்வது உதிர்ந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அது சும்மா முடி இல்லை. “நேந்த முடி புள்ள அது. உன்றது இல்ல. கண்ட எடத்துல உளுந்தா சாமி குத்தம்” என்று என் அம்மா சட்டம் போட்டாள். உதிர்ந்த ஒவ்வொன்றையும் மணி பொறுக்க வேண்டும். கூட்டிய குப்பையிலிருந்து, துவைத்த துணியிலிருந்து, குழந்தையின் தொட்டிலிலிருந்து. பொறுக்கி, விரலில் சுற்றி, சுவரில் தொங்கிய மஞ்சள் பைக்குள் போட வேண்டும். கோயிலுக்குப் போகும்போது அதையும் சேர்த்து உண்டியலில் சேர்த்துவிடலாம் என்பது ஏற்பாடு. இருபத்திரண்டு வயதுப் பெண் வீடு முழுக்கக் குனிந்தபடி தன் தலைக்குப் பின்னால் தானே நடந்துகொண்டிருந்தாள். நான் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பையைக் கையில் தூக்கிப் பார்ப்பேன். ஆமாம், தூக்கிப் பார்ப்பேன். பால்காரன் வந்தானா, கடிதம் வந்ததா என்று பார்ப்பது போல. கனம் கூடியிருந்தால் முகம் சுருங்கும். “சாமிக்குக் கொண்டு போறப்ப என்ன மிச்சம் இருக்கும்? சீவறதைக் கொறைச்சுக்க” என்றேன். அவள் சீவுவதையே நிறுத்தினாள். எண்ணெய் வைக்கவில்லை, வைத்தால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் வரும். தலை சிக்குப் பிடித்துக் கனத்தது. “புள்ள பெத்தவ தலையா இது, குருவிக் கூடாட்ட” என்று என் அம்மா மூக்கைச் சுளித்தாள். வெள்ளிக்கிழமை நான் வாங்கி வந்த கனகாம்பரத்தை வைத்துக்கொள்ளப் பயந்து சாமி படத்துக்குப் போட்டாள், ஊசி குத்தினால் இரண்டு முடி சேர்ந்து வந்துவிடும் என்று. குளிக்கும்போது குழாயைத் திறந்து விட்டு நெடுநேரம் உள்ளே இருப்பாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருக்கும். ஊருக்கே தண்ணீர் விடுகிறவன் நான், தண்ணீர்ச் சத்தம் எது, வேறு சத்தம் எது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தண்ணீரை வீணாக்காதே என்று கதவைத் தட்டினேன்.

மூன்று. எப்படி மூன்றானது? ஒரு சின்னப் பெண்ணையும் அவள் அத்தையையும் பக்கத்துப் பலகைக்கு மாற்றிவிட்டார்களாம், வரிசை சட்டென்று சுருங்கிவிட்டது. மேகலா என்னைத் திரும்பிப் பார்த்துத் தூங்குகிறாளா என்று சைகையில் கேட்கிறாள். தூங்குகிறாள் என்று தலையாட்டுகிறேன். இந்தத் தலையாட்டலை மட்டும் நன்றாகச் செய்கிறேன். எட்டாம் மாதம் மணி என்னைக் கூப்பிட்டாள். அதற்கு முன்னால் பல வாரமாக அவள் என்னை எதற்கும் கூப்பிட்டிருக்கவில்லை. “ஏனுங்க, இங்க வந்து பாருங்களே.” ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து நெற்றியோரத்தைக் காட்டினாள். ஒரு விரற்கடை நீளத்துக்குப் புது முடி, படியாமல் நிமிர்ந்து நின்றது, குஞ்சுப் பறவையின் தலைபோல. “மொளைக்குதுங்க. கொட்டறதும் நின்னு போச்சு, பைய நீங்களே பாருங்க.” அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் மறக்கவில்லை, மறந்திருந்தால் நன்றாக இருக்கும். “அடுத்த வருசம் போலாங்களா? அதுக்குள்ள நல்லா வந்துரும். அப்ப நானே குடுக்கறேன்.” நானே கொடுக்கிறேன் என்றாள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவே இல்லை. கொடுக்கிறவள் தானாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன், “சாமிகிட்டயே தவணை சொல்றியா? நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ பாத்துக்குவியா?” அவள் சிரிப்பு போகவில்லை, போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. குழந்தையைக் காட்டித் தாயின் வாயை அடைப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை, நான் அதைச் செய்தேன். ஒன்பதாம் மாதம் இங்கே வந்தோம். இதே மண்டபம், அப்போது கூரை ஓடு. முடி எடுக்க வந்தவர் வயதானவர், மணியின் தலையில் தண்ணீரைத் தடவும்போதே கை நின்றது. அந்தப் புது முடியைப் பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் தலை பார்த்த கை. “பச்சை உடம்புக்காரியாட்ட இருக்குதே. பூமுடி போதுமுங்க, முன்னால மூணு கத்தரிப்பு எடுத்துட்டா முழு முடி குடுத்த கணக்குதான், பொம்பளைகளுக்கு அதான் வழக்கம்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. மணியைப் பார்த்து, “என்ன தாயி, எப்படி எடுக்கட்டும்?” என்று கேட்டார். அவளைக் கேட்டார். அந்த ஒன்பது மாதத்தில் அவள் தலையைப் பற்றி அவளைக் கேட்ட ஒரே ஆள். அவள் வாய் திறந்தது. எனக்கு அது தெரியும், பக்கத்தில்தான் நின்றேன், கீழுதடு பிரிந்தது, மூச்சு உள்ளே போனது. “முழுசா எடுங்க” என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு கத்தியைத் தீட்டினார். மணி மடியில் இருந்த குழந்தைமேல் முடி விழாமல் இரண்டு கையையும் குடைபோல் வைத்துக்கொண்டாள், கண்ணீர் அந்தக் கைமேல் விழுந்தது.

இரண்டு. பிறகு அவளுக்கு முடி வந்தது, ஆனால் தோளுக்குக் கீழே வளர விடவில்லை. வளர்ந்ததும் தானே கத்தரித்துக் குப்பையில் போடுவாள், நான் பார்க்கும்படி. மேகலாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நூலகத்தில் ஒரு வாரப் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியில் படித்தேன். பிள்ளை பெற்ற நான்காம் மாதம் முடி உதிரும், தானாக நிற்கும், தானாக முளைக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நான்கு வரி. அந்தப் பக்கத்தை மூடி, பத்திரிகையைத் திரும்ப அடுக்கில் வைத்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மணி பரிமாறினாள். சொல்லவில்லை. பொய்யும் அதற்குள் வேர் பிடித்துவிட்டிருந்தது. ஏழு வயதில் மேகலா பழைய போட்டோவை எடுத்து வந்தாள், சந்தனம் பூசிய இரண்டு மொட்டைத் தலைகளும் நடுவில் முடியோடு நானும். “அம்மா ஏன் மொட்டை?” “உனக்காக ஆசைப்பட்டுக் குடுத்தா சாமி, சிரிச்சுட்டே குடுத்தா.” சமையலறையில் மணி கரண்டியால் கிளறிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. அவ்வளவுதான். அவள் மறுத்திருந்தால் மகளுக்கு முன்னால் நான் யார்? அவளுக்கு அது தெரியும், விட்டுக் கொடுத்தாள், அல்லது விட்டே விட்டாள். பள்ளிக்கூடத்தில் அன்னையர் பற்றிப் பேசச் சொன்னபோது மேகலா அந்தக் கதையைத்தான் பேசிப் பரிசு வாங்கி வந்தாள். மணி அந்தப் பரிசுத் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். இப்போது எழுந்து போய், கொடுக்காதே கண்ணு என்று மட்டும் சொன்னால் என்ன? அப்போதும் அவள் தலைக்குப் பதில் சொல்வது நான்தான். கொடு என்றாலும் நான், கொடுக்காதே என்றாலும் நான். சும்மா இருந்தால், என் பொய் என் இடத்தில் இருந்து பதில் சொல்லும். நடந்ததைச் சொல்வது ஒன்றுதான் மிச்சம், அதைச் சொன்னால் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆளான இவளும் போய்விடுவாள். எங்க அப்பா அம்மா மாதிரி யாராலும் வாழ முடியாது என்று மாப்பிள்ளையிடம் இவள் பெருமை பேசுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன், கேட்டு, கூச்சமே இல்லாமல் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒன்று. அவளுக்கு முன்னால் ஒருத்திதான், அந்தத் தலையிலும் பாதி மழித்தாகிவிட்டது. எழுந்துவிட்டேன். வரிசைக்குப் போய் மேகலாவின் பக்கத்தில் நிற்கிறேன். குழந்தை விழித்துக்கொள்ளவில்லை.

“என்னப்பா, முழிச்சுட்டாளா?”

“இல்ல கண்ணு. அம்மா ஆசைப்பட்டுக் குடுக்கல.”

“எதை?”

“முடியை. அவளைக் கேக்காம நான்தான் நேந்தேன். உன்னாட்டமே அவளுக்கும் கொட்டிச்சு, திரும்ப மொளைச்சும் வந்துச்சு. அடுத்த வருசம் குடுக்கறேன்னா. இந்த மண்டபத்துல பூமுடி போதும்னு முடி எடுக்கறவரே சொன்னாரு. முழுசா எடுக்கச் சொன்னது நான். அவ அழுதா.”

“வெளையாடாதீங்கப்பா” என்றாள். பாதிச் சிரிப்பில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு இல்லை. “அழுதாங்களா?”

“அழுதா. அதுக்கு முந்தியும், கொட்டறப்பவே. குழாயைத் திறந்து விட்டுட்டு.”

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

முதலில் அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை. நெற்றியில் இத்தனை நாள் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது, வலி நின்றவர்களின் முகம் போல ஆனது. அம்மாவும் அழுதாளா, அப்படியானால் அழலாம். அந்த ஆறுதல் அவளுக்கும் மணிக்கும் நடுவில் இருந்தது, நான் வெளியே நின்று அதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“அப்புறம் ஒருநாளாச்சும் அவங்ககிட்டச் சொன்னீங்களா, தப்புப் பண்ணிட்டேன்னு?”

“இல்ல.”

“அதுக்கப்புறம் எத்தனை வருசம் இருந்தாங்க அம்மா?”

“இருபத்தாறு.”

“இருபத்தாறு வருசம்” என்றாள், கேள்வியாக இல்லை. என் தோளிலிருந்து குழந்தையை மெதுவாக, தலையைத் தாங்கி, என் கை எங்கும் தன் மேல் படாமல் எடுத்துக்கொண்டாள். “எனக்குச் சொல்லணும்னு மட்டும் தோணிச்சு. அவங்களுக்குச் சொல்லத் தோணவே இல்ல.”

மண்டபத்துக்கு வெளியே போய் வெயிலில், படியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. பிறகு தலை குனிந்தது, பால் கொடுக்கிறாளா, இன்னும் அழுகிறாளா, இங்கிருந்து தெரியவில்லை.

“ஏனுங்க அப்புச்சி, அடுத்தது அந்தப் புள்ளதானுங்களே?” முடி எடுக்கும் பெண் பிளேடை மாற்றிக்கொண்டே கூப்பிட்டாள். “பின்னால ஆளுக நிக்கறாங்க. வருதா, இல்லியா? முழுசா எடுக்கறதா, என்னன்னு சொல்லுங்க.”

வரிசை என்னைப் பார்த்தது. பழக்கத்தில் என் வாய் திறந்துவிட்டது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன். “அவளைத்தான் கேக்கோணும்.”